எழுத்தில் இருந்தால் நிற்கும்

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகச் சேர்கிறவர்களுக்கு நூல், துணியின் எடையைக் குறிக்கும் ஜி.எஸ்.எம்., நிற மாதிரியான லேப் டிப் எல்லாவற்றையும் சீனியர்கள் கற்றுத்தந்துவிடுவார்கள். ஆனால் பையர் போனில் "ஓகே" சொன்ன நிறத்தை, துணி சாயமேறி வந்த பிறகு "நான் அப்ரூவல் தரவே இல்லையே" என்று மறுத்தால் எதை எடுத்துக் காட்டுவது? இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. வேலை எதுவானாலும் இந்த நிலைமை ஒருநாள் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது பில் தொகையாக வரும், ஐ.டி. நிறுவனத்தில் இருப்பவருக்கு, கிளையன்ட் கேட்டதாகச் சொல்லப்படும் ஒரு மாற்றமாக வரும்.

பிரவுசர், மெயில், வாட்ஸ்அப் மூன்றையும் கல்லூரிக் காலத்திலேயே பழகிவிட்டதால் அவை நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலைக்கு வந்தபின் அவற்றில் தட்டுகிற ஒவ்வொரு வரியும் பதிவு. அந்தப் பதிவு நாளை தேடினால் கிடைக்க வேண்டும். அது உங்கள் கைவசம் இருக்க வேண்டும். முதல் வேலையில் சேரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதைச் சுற்றியதுதான்.

கணக்கு யார் கையில்?

உங்கள் மெயில் ஐடி உண்மையில் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். பிளஸ் டூ முடித்ததும் கவுன்சலிங்குக்கோ, டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கோ பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். மெயில் ஐடி இல்லையென்றால் கடைக்காரரே ஒன்றை உருவாக்கிவிடுவார். கூட்டம் நிற்கும்; ஓ.டி.பி. சீக்கிரம் வர வேண்டும் என்று தன் கைபேசி எண்ணையே போட்டுவிடுவார். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு தொலைந்துபோகும். சில ஆண்டுகள் கழித்து இன்டர்வியூ கடிதம் அந்த ஐடிக்கு வரும்போது, கணக்கைத் திறக்கும் சாவி யாரோ ஒருவருடைய போனில் இருக்கும். கிராமத்திலிருந்து படித்து வருகிற எத்தனையோ பேர் வாய்ப்பை இழப்பது இப்படித்தான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் ரெக்கவரி போனாக உங்கள் எண்ணையும், ரெக்கவரி மெயிலாக நம்பிக்கையான இன்னொரு முகவரியையும் பதியுங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள். எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். தெரியாத கணினி அதில் இருந்தால் வெளியேற்றுங்கள்.

சிம் மாற்றினாலும் அதே வேலையைச் செய்ய வேண்டும். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குத் தரலாம். உங்கள் பழைய எண்ணுக்குப் போகும் ஓ.டி.பி. பிறகு அவருக்குத்தான் போய்ச்சேரும்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் கடை வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பும் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை அனுப்புங்கள். கடைக் கணினியில் மெயிலைத் திறந்திருந்தால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழுந்த கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்து, லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

எதை எங்கே சொல்வது?

மெயிலில் "சம்மதம்" என்று அனுப்பினால் அதற்குச் சட்டத்தில் எடை உண்டு. 2007 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தாதுவைக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவருவது பற்றி துபாயின் டிரைமெக்ஸ் நிறுவனமும் வேதாந்தா அலுமினியமும் மெயிலில் பேசிக்கொண்டன. ஐந்து ஷிப்மென்டுக்கு ஒப்புக்கொண்டு பதில் போனது. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவில்லை. தகராறு வந்தபோது, ஒப்பந்தமே ஏற்படவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் ஏற்கவில்லை. மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்றது. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது.

வாட்ஸ்அப்பும் விளையாட்டு இல்லை. 2018இல் மும்பை உயர்நீதிமன்றம், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பிய நோட்டீஸ் உரியவருக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது, அவர் திறந்தும் பார்த்துவிட்டார் என்பதற்கு நீல டிக்கையே ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது என்பேன். போன் தொலைந்து பேக்கப்பும் இல்லையென்றால் பேச்சு முழுதும் போய்விடும். இருவர் பேசும் சாட்டில் யார் வேண்டுமானாலும் டிஸப்பியரிங் மெசேஜை இயக்கலாம்; 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ புதிய செய்திகள் தாமாக மறையும். பையருடனான சாட்டில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பையர் உங்கள் நிறுவனத்தோடு பேசியது உங்கள் சொந்த போனுக்குள் கிடந்தால், நீங்கள் லீவில் இருக்கும் நாளில் யாராலும் அதைப் பார்க்க முடியாது.

ஆகவே விரைவாகக் கேட்க வேண்டியதை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். முடிவானதை மெயிலில் எழுதுங்கள். போனில் பேசி முடித்த அரைமணி நேரத்துக்குள் நான்கு வரி அனுப்பினால் போதும்: இன்று காலை பேசியபடி நிறம் நேவி ப்ளூ, 180 ஜி.எஸ்.எம்., 12,000 பீஸ், ஷிப்மென்ட் ஆகஸ்ட் 28. மாற்றம் இருந்தால் நாளை மாலைக்குள் தெரிவிக்கவும். இந்த நான்கு வரிப் பழக்கம் ஒன்று மட்டும் வந்துவிட்டால், இந்தக் கட்டுரையின் மீதியை நீங்கள் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அப்ரூவலாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை அந்த மெயிலோடு இணையுங்கள். ஆனால் மூலச் செய்தியை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தின் நகலைச் சான்றாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பது பலவீனம்.

மெயில் எழுதும்போது

சப்ஜெக்ட் வரியில் ஆர்டர் எண்ணும் விஷயமும் இருக்கட்டும். "அர்ஜென்ட்" என்று மட்டும் எழுதிய மெயிலை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மெயிலில் ஒரு விஷயம். மூன்று கேள்வி கேட்டால் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் பதில் வரும். நீங்கள் கேட்பதை முதல் வரியிலேயே கேளுங்கள். காரணமும் பின்னணியும் கீழே வரட்டும்.

தேதியை எண்ணால் மட்டும் எழுதவே வேண்டாம். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்க பையருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் யூனிக்கோடில் எழுதுங்கள். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்ததை மெயிலில் ஒட்டினால் பெறுபவருக்கு ஆங்கிலக் குறிகளின் குப்பைதான் தெரியும். தேடலிலும் அகப்படாது. தமிழக அரசே 2010இல் யூனிக்கோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்பு கையில் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிக்கோடாக்கிவிட்டு அனுப்புங்கள்.

முகவரியைக் கடைசியில் போடுங்கள். முதலில் கோப்பை இணைத்து, பிறகு எழுதி, ஒருமுறை படித்துவிட்டு, அதற்குப் பின்தான் பெறுபவர் பெயர். பாதி எழுதிய மெயில் கை தவறிப் போகாமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற 5 நொடிதான் வழக்கமாகக் கிடைக்கும். செட்டிங்ஸில் அதை 30 நொடியாக்குங்கள். 25 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஜிமெயில் இணைக்காது, டிரைவ் லிங்க்காக்கிவிடும். அந்த லிங்க்கைத் திறக்கும் அனுமதி பெறுபவருக்கு இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

சிசி-யில் யாரைப் போடுவது என்பதில் புதியவர்கள் திணறுவார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பேற்கிறவரையும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவரையும் போடுங்கள். சக ஊழியரை மாட்டிவிட மேலாளரை சிசி-யில் இழுப்பது அலுவலகத்தில் உறவைக் கெடுக்கும். முதலில் அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நூறு சப்ளையர்களுக்கு ஒரே அறிவிப்பு என்றால் பிசிசி. ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியக் கூடாது.

பழைய மெயிலைத் தேடப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரத்துக் குறியைத் தட்டினால் யாரிடமிருந்து, எந்தத் தேதிவாக்கில், இணைப்பு உள்ளதா என்று வடிகட்டித் தேடலாம். டிராஷுக்குப் போனது 30 நாளில் நிரந்தரமாக அழிந்துவிடும்; வேலை சம்பந்தப்பட்டதை டெலிட் செய்யாமல் ஆர்க்கைவ் செய்யுங்கள்.

வங்கிக் கணக்கு மாறிவிட்டதாம்

ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர்களை அதிகம் குறிவைக்கும் மோசடி இது. பல ஆண்டு பழகிய சப்ளையரிடமிருந்து மெயில் வரும்: ஆடிட் நடப்பதால் இந்தமுறை பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள். பழைய மெயில் தொடரிலேயே வரும், கையெழுத்தும் லோகோவும் அப்படியே இருக்கும். முகவரியில் மட்டும் ஓரெழுத்து மாறியிருக்கும். ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் அவசரத்தில் யாருக்கும் தெரியாது. சில சமயம் முகவரியும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் சப்ளையரின் கணக்கையே திருடர்கள் திறந்திருப்பார்கள். கணக்கு எண் மாற்றம் பற்றி எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 1930 உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

பிரவுசர்

குரோமில் அலுவலகத்துக்கு ஒரு புரொஃபைல், சொந்த விஷயங்களுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டும் புக்மார்க்கும் கலக்காது. மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது வேலைவாய்ப்புத் தளம் எட்டிப்பார்க்காது. இன்காக்னிட்டோவில் பார்த்தால் நிறுவனத்துக்குத் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அது அந்தக் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். அலுவலக நெட்வொர்க்கை நிர்வகிப்பவர் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்க்க முடியும்.

கவனக்குறைவாக மூடிய டேப்பைத் திரும்பத் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டி. இணைய விண்ணப்பம் எதை முடித்தாலும் கடைசிப் பக்கத்தை கன்ட்ரோல், பி அழுத்திப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள்; ஒப்புகை மெயில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் நிறுவும்போது, எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டால் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். வங்கிப் பக்கமும் அதில் அடக்கம்.

குரூப்பும் நேரமும்

"ஹாய் சார்" என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வணக்கம், விஷயம், எப்போதைக்குள் வேண்டும், மூன்றும் ஒரே செய்தியில் போகட்டும். குரூப்பில் பதில் சொல்லும்போது அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுத்து அதன்மேலேயே பதில் சொல்லுங்கள். எண்களையும் தேதிகளையும் வாய்ஸ் நோட்டில் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் அதைத் தேட முடியாது. லேபிள், பிரின்ட் படங்களைப் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். தவறாக எழுதியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். அழித்த தடம் அங்கே இருக்கும் என்பதால் குரூப்பின் பெயரை முதலிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு என்ன செய்வது? பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம் மக்களவையில் 2018இல் தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை. எனவே இங்கே நீங்கள்தான் பேசி ஒரு வழக்கத்தை உண்டாக்க வேண்டும். ஷிப்மென்ட் நாள் போன்ற உண்மையான அவசரத்துக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், செய்திகளுக்குக் காலையில் பதில் தருவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலான மேலாளர்கள் இதை ஏற்பார்கள். நீங்கள் மேலாளராகும்போது இரவில் தோன்றியதை எழுதி, ஜிமெயிலின் ஷெட்யூல் சென்ட் மூலம் காலை ஒன்பதரைக்குப் போகச் செய்யுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

வேலையை விடும்போது

ராஜினாமா கொடுத்தபின் அலுவலக மெயில் எந்த நிமிடமும் மூடப்படலாம். சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள் ஆகிய உங்களுக்கு உரியவற்றை மாதாமாதம் சொந்த இடத்தில் சேமித்து வருவதே சரி. பையர் பட்டியல், விலை விவரம், டிசைன் எதையும் தொடாதீர்கள்; அவை நிறுவனத்தின் சொத்து. பி.எஃப். யு.ஏ.என். கணக்கில் உங்கள் சொந்த எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கி, வருமானவரி என எங்கேனும் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். கடைசி நாளில் அலுவலகக் கணினியின் பிரவுசரிலிருந்து உங்கள் புரொஃபைலை நீக்கிவிட்டு, போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்ட் டிவைசஸ் பட்டியலைத் திறந்து அந்தக் கணினியையும் லாக் அவுட் செய்யுங்கள்.