ரோடு டாக்ஸ் ரசீதும் ஐ.டி. ரிட்டனும்

ஜூலை பிறந்தால், தேவாரம் ஊரில் வருமான வரி ரிட்டன் போட்டுக் கொடுக்கும் என் மேசைக்கு வரும் பிளாஸ்டிக் கவர்களில் ஆர்.சி. புக்கும் ரோடு டாக்ஸ் ரசீதும் தவறாமல் இருக்கும். போன வருடம் ஓர் ஆசிரியை வந்தார். 12 லட்ச ரூபாய்க்குப் புதுக் கார். தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரையிலான காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 18 சதவீதம். "இம்புட்டு வரி கட்டியிருக்கேன் சார், சம்பளத்துல கழிச்சிருங்க" என்றார்.

நம்பிக்கை: அரசாங்கத்துக்குக் கட்டிய வரி எதுவானாலும் வருமானத்தில் கழியும்.

உண்மை: கழியாது. இப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வரி முறையில் சம்பளக்காரர் கட்டும் தொழில் வரி கழிகிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் வீட்டு வரியை அந்த வாடகையில் கழிக்கிறோம். இரண்டையும் சட்டமே பெயர் சொல்லி அனுமதிக்கிறது. சொந்தக் காரின் சாலை வரிக்கு அந்த இடம் இல்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கே அதில் போனாலும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் "நாங்க கழிக்கிறோமே" என்பார். வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் காரின் மதிப்பை வைத்து வருடாவருடம் வரி வாங்குகிறார்கள். அதை அங்கே உச்சவரம்புக்குள் கழிக்கலாம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது.

நம்பிக்கை: ஜீப் வைத்திருப்பவருக்கு எல்லாமே கழியும்.

உண்மை: வண்டி எந்த வருமானத்துக்காக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். விடியுமுன்னே ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் வாடகை ஜீப்பின் வரி தொழில் செலவு. கட்டிய வருடத்தில் கழியும். புது வண்டிக்குக் கட்டும் ஆயுள் வரியை வண்டியின் விலையோடு சேர்த்துத் தேய்மானமாக எடுப்பதே வழக்கம். ஆனால் வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த பணத்தில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறையில் ரிட்டன் போட்டால், டீசல், டயர், வரி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தனியாக இன்னொரு தடவை கழிக்க வழியில்லை. போலீஸ் போட்ட அபராதம் எந்த முறையிலும் கழியாது.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் ஏலக்காய்தான். ஏலத்தோட்ட வருமானம் விவசாய வருமானம், மத்திய அரசின் வருமான வரி கிடையாது. வரி இல்லாத வருமானத்துக்காக ஓடிய ஜீப்பின் செலவை ஊரில் இருக்கும் மளிகைக்கடை லாபத்தில் கழிப்பது தவறு. நல்ல மனிதர்கள் பலர் தெரியாமல் இதைச் செய்கிறார்கள், எனக்கு அது வருத்தம். போடி ஏல மையத்தில் காய் வாங்கி விற்கும் வியாபாரியின் வேன் வேறு. அது முழுக்கத் தொழில். ஒரே ஜீப் தோட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் ஓடினால், வியாபாரப் பங்கு மட்டும் கழியும். டேஷ்போர்டில் ஒரு நோட்டு போட்டு, தேதி, எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வையுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் பழைய 1961 சட்டத்துக்குப் பதில் 2025 வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன, இந்த அடிப்படை மாறவில்லை.

அந்த ஆசிரியைக்கு முகம் வாடிவிட்டது. ரசீதை ஓரமாக வைத்துவிட்டு ஷோரூம் பில்லை வாங்கிப் பார்த்தேன். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் டி.சி.எஸ். என்று 1 சதவீதம், 12,000 ரூபாய், வசூலித்திருந்தார்கள். அது ரோடு டாக்ஸ் இல்லை, அவர் பெயரில் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே சேர்ந்த பணம். 26ஏ.எஸ். படிவத்தை எடுத்துக் காட்டினேன். அவர் பான் எண்ணுக்கு நேரே அந்தத் தொகை இருந்தது. கட்ட வேண்டிய வரியில் அதை அப்படியே கழித்துக்கொண்டோம்.