ஏற்றத்தில் கொதிக்கும் லொறிக்கு எது தோது?

தேயிலைக் கொழுந்து லொறி ஏற்றத்தில் கொதித்து நின்றால் உடப்புசல்லாவைப் பக்கம் முதலில் எழும் பேச்சு, "ரேடியேட்டரை மாத்து" என்பதுதான். நான் அதைக் கடைசியாகத்தான் சொல்வேன். சாக்கில் சூடேறும் கொழுந்து ஸ்டோருக்குப் போகுமுன்பே சிவந்துவிடும் என்ற அவசரம் புரிகிறது. ஆனாலும் முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். 1,500 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி அதை 115 வரை தள்ளிப்போடும். றப்பர் செத்த மூடியோடு பெரிய ரேடியேட்டர் வாங்குவது, ஒழுகுகிற லயத்துத் தகரத்துக்கு அடியில் பெரிய வாளி வைப்பது மாதிரி. (இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள்.)

மூன்று வரிசைக் குழாய்களுக்குப் பதில் நான்கு வரிசை உள்ள ரேடியேட்டர் போட்டால் தண்ணீர் கூடும்; காற்று நுழைவதும் கடினமாகும். பின்வரிசைக்குக் கிடைப்பது முன்வரிசை சுட்டனுப்பிய காற்று. மலையில் காற்றே கொழும்பைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஃபேன் பலமாக இழுக்காவிட்டால் கொடுத்த காசு வீண்.

மின்சார ஃபேன், நுவரெலியா நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கும் வேனுக்கும் அருமை. முதல் கியரில் ஏறும் லொறியில் இன்ஜினே வேகமாகச் சுழல்கிறது. அதன் பெல்ட் ஃபேனும் அதோடு சுழல்கிறது. பிறகு எதற்கு?

லொறிக்கு என் தேர்வு, ஃபேனைச் சுற்றிய தகரக் கூண்டு. காற்று சோம்பேறி, ரேடியேட்டருக்குள் புகுவதைவிடப் பக்கத்து இடுக்கில் நழுவவே பார்க்கும். இதை விமானக்காரர்கள் முன்பே படித்துவிட்டார்கள். 1942 ஏப்ரல் 5 அன்று இரத்மலானையிலிருந்து ஜப்பானியரை எதிர்க்க எழும்பிய ஹரிக்கேன் போர் விமானங்களுக்கு ரேடியேட்டர் வயிற்றடியில், கூண்டுக்குள் இருந்தது. பின்வாயில் ஒரு மடல். உயரம் ஏறும்போது விமானி அதை அகலத் திறப்பார், ஏனென்றால் ஏறும்போதுதான் வேகம் குறைவு, சூடு அதிகம். லொறிக்கும் அதே சங்கடம்தான். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் குறுகிய வாய், மெல்ல விரியும் குழாய், மீண்டும் குறுகும் வெளிவாய் என்று அமைப்பது வேகத்தில் பறப்பதற்காக. நடை வேகத்தில் ஏறும் நமக்கு அந்த வாய் வேண்டாம். இடுக்கை அடைப்பதும் சூடான காற்றுக்கு வழிவிடுவதும் போதும்.

கூண்டுக்குள் ஃபேன் இதழின் பாதி இருக்கட்டும், மீதி வெளியே. இதழ் நுனிக்கும் தகரத்துக்கும் ஓர் அங்குலம் விடுங்கள். குழியில் விழும்போது இன்ஜின் ஆடும். ரேடியேட்டர் ஓரங்களை றப்பர் பட்டியால் அடையுங்கள். கிரில்லுக்கு முன் தொங்கும் பெயர்ப்பலகையை மேலே ஏற்றுங்கள், கோபிக்க வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் காய்ந்த சேற்றையும் சுரண்டுங்கள். சூடான காற்று அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

பிறகு லொறியை நிறுத்தி, இன்ஜினைச் சற்று உசுப்பி, ஒரு தாளைக் கிரில் மேல் வையுங்கள். நடுவில் மட்டும் ஒட்டி மூலைகளில் விழுந்தால், கூண்டில் இன்னும் இடுக்கு இருக்கிறது.