விளையாட்டு அறிவியலில் ஆய்வுப் படிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பட்டப்படிப்பு முடித்த பிள்ளை, “எம்.எஸ்சி. உடற்பயிற்சி உடலியங்கியல் சேரப்போறேன்” என்று காஞ்சிபுரத்து வீட்டில் சொன்னால், “பி.டி. வாத்தியார் ஆகப்போறியா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். தறியில் உட்கார்ந்து சம்பாதித்துப் படிக்க வைப்பவர்களுக்கு அப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. அவர்களுக்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: இது உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான படிப்பு.

உண்மை: அதற்குரியவை பி.பி.எட்., எம்.பி.எட். படிப்புகள். 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அந்த மரபின் தாய்வீடு. ஆய்வு சார்ந்த எம்.எஸ்சி. வேறு திசையில் போகிறது. தசை ஏன் சோர்கிறது, குதித்து இறங்கும்போது முழங்கால் எவ்வளவு விசையைத் தாங்குகிறது, பதற்றம் ஆட்டத்தை எப்படிக் கெடுக்கிறது என்று அளந்து பார்ப்பதே அங்கே வேலை. இதற்கான இடம் பக்கத்திலேயே உண்டு: மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பள்ளி ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் பி.பி.எட். படியுங்கள்; எம்.எஸ்சி. அதற்கு ஈடாகாது.

நம்பிக்கை: மெடல் வாங்கியவர்களுக்குத்தான் சரிப்படும்.

உண்மை: விளையாடிய அனுபவம் உதவும். ஆனால் அன்றாடம் கைகொடுப்பவை உயிரியல், இயற்பியல், புள்ளியியல். தசை ஆய்வுக்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ.வி. ஹில், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஓடுபவரின் முதுகில் பையைக் கட்டி, வெளிவிடும் மூச்சை அதில் பிடித்து, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அவரும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டார்கள். கணக்கைக் கண்டு ஒதுங்குபவருக்கு இந்தப் படிப்பு கடினமாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை: கோடி ரூபாய் ஆய்வுக்கூடம் இல்லாமல் ஆராய்ச்சி நடக்காது, நம் ஊரில் அளக்க என்ன இருக்கிறது?

உண்மை: இந்தத் துறையின் புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று வங்காளத்துச் சணல் ஆலையில் நடந்தது. ஜீன் மேயரும் உடன் ஆய்வாளர்களும் 1956-ல் வெளியிட்டது அது. சுமை தூக்குபவர், எழுத்தர், கடைக்காரர் என ஒவ்வொருவரும் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை இருக்கிறார் என்று பார்த்தார்கள். உட்கார்ந்தே வேலை செய்தவர்கள் கடும் உழைப்பாளிகளுக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள். எடையும் கூடுதலாக இருந்தது. உழைப்பு குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடும் என்ற எண்ணம் அங்கே பொய்த்தது.

இப்போது பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியைப் பாருங்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். நாடா ஓடுகிறது, பலகை அடிக்கிறது, கண் பாவு நூலைவிட்டு அகல்வதில்லை. கழுத்தும் முதுகும் முன்னால் வளைந்தபடியே இருக்கின்றன. கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். இருவருக்கும் வலி ஒரே இடத்திலா? மணிக்கொரு முறை எழுந்து நடந்தால் மாலை வலி குறையுமா? ஒரு நாள் நெசவில் இதயத்துடிப்பு எந்த அளவில் நிற்கிறது? துடிப்பு அளக்கும் பட்டை, வலிக்கான கேள்விப்படிவம், சிரமத்தை 6 முதல் 20 வரை சொல்லவைக்கும் போர்க் அளவுகோல் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். அந்த அளவுகோலின் தமிழ் வடிவத்தை நெசவாளர்கள் சரியாகப் புரிந்துகொள்கிறார்களா என்று சோதிப்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

வரதராஜப் பெருமாள் வைகாசி கருடசேவையில் வாகனத்தின் தண்டைத் தோளில் தாங்கி வருபவர்களின் உயரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. யார் தோளில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது உடலில் இயங்கும் விசைகளை ஆராயும் பயோமெக்கானிக்ஸ் துறைக்கான கேள்வி.

நம்பிக்கை: நினைத்ததை நிரூபித்துக் காட்டுவதுதான் ஆய்வேடு.

உண்மை: நினைத்தது தவறாக இருக்கலாம் என்று தேடிப் பார்ப்பதுதான் ஆய்வு. ஜெர்ரி மோரிஸ் குழு 1953-ல், லண்டன் மாடிப் பேருந்துகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட இதயநோய் குறைவு என்று கண்டது. அதோடு நிறுத்தவில்லை. ஓட்டுநர்கள் முதலிலிருந்தே பருமனானவர்களோ என்ற ஐயத்தில் சீருடை அளவுகளைத் தேடி எடுத்தார்கள். 1956-ல் வெளியான அந்தக் கணக்கில், ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே கூடுதலாக இருந்தது தெரிந்தது. தங்கள் முடிவைத் தாங்களே நெருக்கிப் பார்த்த நேர்மை அது.

“வித்தியாசம் எதுவும் இல்லை” என்ற முடிவும் முடிவுதான். அதற்காக மதிப்பெண் போய்விடும் என்று பயந்து எண்களைத் திருத்துவது பெரும் பிழை. மனிதர்களை அளப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவமும் கட்டாயம்.

நம்பிக்கை: முடித்த கையோடு ஐ.பி.எல். அணியில் வேலை.

உண்மை: அந்த இடங்கள் மிகச் சில. மருத்துவமனைகளின் விளையாட்டு மருத்துவப் பிரிவு, பயிற்சி அகாடமி, மறுவாழ்வு மையம், முனைவர் பட்ட ஆய்வு ஆகியவையே பெரும்பாலோர் போகும் வழிகள். நான்கு ஆண்டு இளநிலையில் 75 சதவீதம் எடுத்தால் முதுநிலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க யு.ஜி.சி.யின் 2022 விதிகள் இடம் தருகின்றன, அதையும் யோசியுங்கள்.

சேருமுன் கல்லூரியில் மூன்றைக் கேளுங்கள். நெறியாளர் அண்மையில் என்ன வெளியிட்டார்? கருவிகளை மாணவர்கள் தொட்டு இயக்க விடுவார்களா? சென்ற ஆண்டு ஆய்வேடுகளைப் பார்க்கலாமா? தெளிவான பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். நம் நெசவாளர்களின் முதுகுவலியைப் பற்றி இன்னும் எத்தனையோ அளக்க வேண்டியிருக்கிறது. அந்த வீடுகளிலேயே வளர்ந்த பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்?