கேள்வி-பதில்: கடைசி ஆட்டத்தில் இறங்காதவன் துரோகியா?

கேள்வி: மகன் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம் என்று ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் வந்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஃபுட்பால் மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறது. என் பேரனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 2023 டிசம்பரில் ஓஹையோ ஸ்டேட் அணி காட்டன் பௌல் ஆட்டத்தில் மிசூரியிடம் 14-3 என்று தோற்றதை இன்றைக்கும் சொல்லிப் புலம்புகிறான். நட்சத்திர ஆட்டக்காரர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் அன்று இறங்கவே இல்லையாம். "படிக்க வைத்த காலேஜுக்குத் துரோகம் பண்ணிட்டான் தாத்தா" என்கிறான். நான் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற நாளன்று சாயங்காலம் வரை கோப்பு பார்த்தவன். பேரன் சொல்வது எனக்கும் சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், கொலம்பஸ்

பதில்: கடைசி நாள் சாயங்காலம் வரை கோப்பு பார்த்தீர்கள் என்பது பெரிய விஷயம் ஐயா. ஆனால் எந்தக் கோப்பும் உங்கள் முழங்காலை உடைத்திருக்காது. இந்த விவகாரமே அந்த முழங்காலில்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு அணிக்கு வழக்கமாக 12 ஆட்டங்கள். நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். அதன் பிறகு டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் பௌல் ஆட்டங்கள். நாற்பதுக்கும் மேல் நடக்கின்றன. 12-ல் 6 ஜெயித்தாலே பௌல் ஆடத் தகுதி உண்டு. தேசிய சாம்பியன் யார் என்பதைத் தீர்மானிப்பது பிளேஆஃப் மட்டும்தான். அதில் 2014 முதல் நான்கு அணிகள் ஆடின, 2024-லிருந்து பன்னிரண்டு. மற்ற பௌல்களில் ஜெயித்தால் ஒரு கோப்பை, தோற்றால் ஒரு வருத்தம், அவ்வளவுதான். உங்கள் பேரன் புலம்புகிற காட்டன் பௌலும் அந்த வருடம் அந்த வகைதான்.

இன்னொரு பக்கம், ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். எத்தனையாவது ஆளாக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சம்பளம். பேரம் பேச அதிக இடம் கிடையாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு நான்கு வருடப் பணமும் உத்தரவாதம். சுற்று தள்ளிப்போகப் போகத் தொகையும் குறையும், உத்தரவாதமும் குறையும். பௌல் ஆட்டத்துக்கும் டிராஃப்டுக்கும் நடுவில் நான்கே மாதம். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் ஆறுவதற்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும்.

இதெல்லாம் கணக்குப் பேச்சு என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் ஒதுக்கினார்கள். 2016 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா பௌல் அதை மாற்றியது. நோட்டர்டேம் அணியில் ஜேலன் ஸ்மித் என்று ஒரு லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டக்காரர். டிராஃப்டில் முதல் ஐந்து பேருக்குள் வருவார் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே இடது முழங்காலில் இரண்டு ஜவ்வுகள் கிழிந்தன. நரம்பும் அடிபட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போனது. டிராஃப்டில் 34-வது ஆளாக டல்லஸ் கௌபாய்ஸ் எடுத்தது. முதல் வருடம் முழுக்க அவர் ஆடவே இல்லை. அன்று எதிரணியான ஓஹையோ ஸ்டேட்டில் ஆடியவர் உங்கள் கொலம்பஸ் பிள்ளை எஸகீல் எலியட். நான்கு டச்டவுன் போட்டு, ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தார். அதே டல்லஸ் அணி அவரை நான்காவது ஆளாக எடுத்தது. எலியட்டுக்குக் கிடைத்த ஒப்பந்தம் சுமார் 2.5 கோடி டாலர். ஸ்மித்துக்குச் சுமார் 65 லட்சம். இருவரும் ஆடியது ஒரே ஆட்டம்.

அந்த வருட டிசம்பரிலேயே லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வின் லெனர்ட் ஃபர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் பௌல் ஆட்டத்துக்கு வரவில்லை என்று அறிவித்தார்கள். ஃபர்னெட்டுக்கு ஏற்கெனவே கணுக்கால் சரியில்லை. இருந்தும் பெரிய கூச்சல். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்ற ரீதியில் பேசியவர்கள் பலர். ஓஹையோ ஸ்டேட் சட்டையில் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடக் கிடைத்தால் எதையும் செய்வேன் என்று எலியட்டும் ட்விட்டரில் எழுதினார். கீறல் இல்லாமல் தப்பியவருக்கு அப்படித்தான் தோன்றும். என்.எஃப்.எல். அணிகளோ அந்தக் கூச்சலைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை: அடுத்த ஏப்ரலில் ஃபர்னெட் நான்காவது, மெக்காஃப்ரி எட்டாவது.

இனி உங்கள் பேரனின் வழக்கு. அந்தக் காட்டன் பௌலுக்கு முன்பே, வருடம் முழுக்க ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) கைல் மெக்கார்ட் வேறு கல்லூரிக்கு மாறப் போய்விட்டார். அவருக்குப் பதில் இறங்கிய டெவின் பிரவுனுக்குக் கணுக்காலில் அடி. பிறகு வந்தது முதல் வருடப் பையன். ஹாரிசன் களத்தில் இருந்திருந்தாலும் பந்தை அவரிடம் ஒழுங்காகச் சேர்க்க ஆள் இல்லை. நான்கு மாதம் கழித்து அரிசோனா கார்டினல்ஸ் அவரை நான்காவது ஆளாக எடுத்தது. ஒப்பந்தம் சுமார் 3.5 கோடி டாலர். அந்த 14-3 ஆட்டத்துக்காக இதைப் பணயம் வை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு ஆட்டத்தையும் பேரனுக்கு நினைவுபடுத்துங்கள். 2022 ஜனவரி 1, ரோஸ் பௌல். ஓஹையோ ஸ்டேட்டின் கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே இருவரும் ஆடவில்லை. முன்னாள் ஓஹையோ ஸ்டேட் குவார்ட்டர்பேக்கும் ஈ.எஸ்.பி.என். விமர்சகருமான கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட், இந்தத் தலைமுறைக்கு ஆட்டத்தின் மேல் காதலே இல்லை என்கிற மாதிரி அன்றைக்குப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். களத்தில் நடந்தது வேறு. அந்த இருவர் விட்ட இடத்தில் ஜாக்ஸன் ஸ்மித்-இன்ஜிக்பா என்ற இளையவர் 15 பந்துகளைப் பிடித்து 347 கஜம் எடுத்தார். ரோஸ் பௌல் வரலாற்றில் அப்படி யாரும் ஆடியதில்லை. ஓஹையோ ஸ்டேட் 48-45 என்று யூட்டாவை வென்றது. மூத்தவர்கள் நகர்ந்துகொண்டதால் நஷ்டம் யாருக்கு?

விசுவாசம் என்று பேசினால் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 2021 நவம்பரில் நோட்டர்டேம் பயிற்சியாளர் பிரையன் கெல்லி, பௌல் ஆட்டத்துக்குக் காத்திராமல் எல்.எஸ்.யு.வுக்குப் போனார். 2025 நவம்பரில் லேன் கிஃபின், தன் ஓல் மிஸ் அணி பிளேஆஃபில் நுழையவிருந்த நேரத்தில் அதே எல்.எஸ்.யு.வுக்குப் போனார். அடுத்த சில நாட்களில் நோட்டர்டேம், பிளேஆஃபில் இடம் தராத கோபத்தில், பௌல் அழைப்பையே வேண்டாம் என்றது. ஒரு பல்கலைக்கழகமே 'எங்களுக்கு இது தேவையில்லை' என்று சொல்லக்கூடிய ஆட்டத்தை, இருபத்தொரு வயதுப் பையன் மட்டும் வேதமாக நினைக்க வேண்டுமா?

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்ப்பேன். பிளேஆஃப் ஆட்டமாக இருந்தால் ஆட வேண்டும். கூட ஆடுபவர்கள் கோடையெல்லாம் வியர்வை சிந்தியது அதற்காகத்தான். அதைப் பெரும்பாலும் யாரும் விடுவதுமில்லை.

கேள்வி: அடிபட்டால் ஈடு கொடுக்க இன்ஷூரன்ஸ் இருக்கிறதே! அதை எடுத்துக்கொண்டு ஆடலாமே?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இருக்கிறது. இரண்டு வகை. இனி ஆடவே முடியாது என்கிற அளவு அடிபட்டால் பணம் தருவது ஒன்று. அடிபட்டதால் டிராஃப்டில் கீழே இறங்கினால், அந்த இழப்பில் ஒரு பகுதியைத் தருவது இன்னொன்று. இரண்டாவதில்தான் சூட்சுமம். எந்த இடத்துக்குக் கீழே போனால் பணம் என்று பாலிசியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் ஒரு டாலர்கூட வராது.

மிச்சிகனின் ஜேக் பட், 2016 டிசம்பர் 30 அன்று ஆரஞ்ச் பௌலில் ஆடினார். முழங்கால் ஜவ்வு கிழிந்தது. டிராஃப்டில் ஐந்தாவது சுற்று வரை இறங்கினார். இன்ஷூரன்ஸ் சுமார் 5.4 லட்சம் டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. மேலே சொன்ன ஜேலன் ஸ்மித்துக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 9 லட்சம். நம் கண்ணுக்குப் பெரிய பணம்தான். எலியட்டின் 2.5 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணம் ஈடாகலாம், முழங்காலுக்கு எதை ஈடாகக் கொடுப்பது? பட் காயத்துக்குப் பிறகும், நான் ஒருநாளும் பணத்துக்காக ஆடியதில்லை என்றுதான் சொன்னார். அந்த மனசு எனக்குப் பிடிக்கும். ஆனால் முழங்கால் தொல்லை அவரை விடவில்லை. 2021-ல் ஓய்வை அறிவித்துவிட்டார். ஸ்மித்தின் கதை அவ்வளவு மோசமில்லை. நரம்பு தேறி, 2019-ல் டல்லஸோடு 6.4 கோடி டாலர் வரை போகும் புதிய ஒப்பந்தம் போட்டார். இப்படி ஒருவர் தேறியதைக் காட்டி 'பார், ஒன்றும் ஆகாது' என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒருவர் பிழைத்தார் என்பது அடுத்தவருக்கு உத்தரவாதம் ஆகாது.

கேள்வி: அப்படியானால் டிராஃப்டுக்குப் போகும் எல்லோருமே பௌல் ஆட்டத்தை விட்டுவிடலாம் என்கிறீர்களா?
— ஒரு வாசகர், டொரான்டோ

பதில்: இல்லவே இல்லை. முதல் சுற்று நிச்சயம் என்று தெரிந்தவன், அதிலும் ஓடி அடிவாங்கும் ரன்னிங் பேக் போன்ற சீக்கிரம் தேய்ந்துபோகும் இடங்களில் ஆடுபவன் விலகினால் எனக்குப் புரிகிறது. அப்படிப்பட்டவர்கள் நாடு முழுக்க வருடத்துக்கு முப்பது பேர் சொச்சம்தான். ஏழு சுற்றும் சேர்த்து டிராஃப்டில் போகிறவர்களே ஏறக்குறைய 260 பேர். ஐந்தாவது சுற்றா, ஏழாவது சுற்றா, அல்லது யாருமே எடுக்க மாட்டார்களா என்று தவிக்கும் பையன் எதற்காக விலக வேண்டும்? எதிரணியில் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கும் ஒரு ஆட்டத்தில் நன்றாக ஆடிய வீடியோதான் அவனுக்கு இருக்கும் சிறந்த சிபாரிசு. பெரிய ஆட்கள் செய்கிறார்கள் என்று இவனும் விலகினால், வேலைக்கான ஆர்டர் கையில் இருப்பவனைப் பார்த்து, இன்டர்வியூவே வராதவன் லீவு போட்ட கதைதான்.

முதல் சுற்றுக்காரர்களிலும் ஆடுகிறவர்கள் உண்டு. 2022 டிசம்பர் 31 சுகர் பௌலில் அலபாமாவின் பிரைஸ் யங், வில் ஆண்டர்சன் இருவரும் ஆடினார்கள், ஜெயித்தார்கள். அடுத்த டிராஃப்டில் ஒருவர் முதலிடம், மற்றவர் மூன்றாமிடம். அதற்கு முந்தைய சீசனில் அதே சுகர் பௌலில் ஓல் மிஸ்ஸின் குவார்ட்டர்பேக் மேட் காரல் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். 94-வது ஆளாகப் போனார். ஆடினால் வீரம், விலகினால் கோழைத்தனம் என்று பார்க்க வேண்டாம். இரண்டுமே அவரவர் எடுக்கும் முடிவு. என்ன ஒன்று, முடிவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அந்த இடத்தில் ஆட வேண்டிய இளையவனுக்குப் பயிற்சி எடுக்க நாள் இருக்காது.

கேள்வி: நம் கிரிக்கெட்டில் இப்படிச் செய்தால் விடுவார்களா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: விட மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் பி.சி.சி.ஐ. வெளியிட்ட ஒப்பந்தப் பட்டியலில் இஷான் கிஷன், ஷ்ரேயஸ் ஐயர் பெயர்கள் இல்லை. ரஞ்சிக் கோப்பையில் ஆடாததுதான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வாரியம் காரணத்தை விளக்கவில்லை. உள்ளூர் ஆட்டங்களுக்கு முக்கியத்துவம் கொடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்த சில நாட்களில் ஐயர் மும்பைக்காக ரஞ்சி அரையிறுதியில் நம் தமிழ்நாட்டு அணிக்கு எதிராக இறங்கினார். இறுதிப் போட்டியில் 95 ரன் அடித்தார். 2025-ல் இருவருக்கும் ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது. அவர்கள் வாரியத்தில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள். அதனால் வாரியத்தால் கேட்க முடிந்தது. அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் அப்படிக் கேட்க அண்மைக்காலம் வரை யாருக்கும் உரிமை இருக்கவில்லை.

கேள்வி: இப்போதுதான் கல்லூரிப் பையன்களும் கோடிக்கணக்கில் வாங்குகிறார்களே? வாங்கின காசுக்கு ஆட வேண்டாமா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: வேண்டும். இந்த இடத்தில் நான் கட்சி மாறுகிறேன். 2016-ல் மெக்காஃப்ரிக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும் சொற்பக் கைச்செலவும்தான். அவர் அணியின் பௌல் ஆட்டத்தால் தொலைக்காட்சிக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் பயிற்சியாளரின் போனஸுக்கும் பணம் போனது. ஆடியவனுக்கு ஒரு கைக்கடிகாரமோ ஹெட்ஃபோனோ போன்ற பரிசு. இலவசமாக ஆடுபவனிடம் விசுவாசம் கேட்பது எனக்கு எப்போதுமே கூசும்.

2021 ஜூலை 1 முதல் விளம்பரம் வழியாக அவர்கள் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். பணம் கைமாறினால் கடமையும் வரும். பௌல் ஆட்டமும் சேர்த்தி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு பங்கை அந்த ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். விலகினால் அந்தப் பங்கு கிடையாது. காயத்துக்கான இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைப் பல்கலைக்கழகமே கட்டட்டும். 2024 அலாமோ பௌலுக்கு முன் கொலராடோ தன் டிராவிஸ் ஹன்டருக்கும் ஷெடூர் சாண்டர்ஸுக்கும் பெரிய காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ததாகச் செய்தி வந்தது. இருவரும் ஆடினார்கள், 36-14 என்று தோற்றார்கள், அடிபடாமல் திரும்பினார்கள். ஹன்டர் டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனார். சாண்டர்ஸ் ஐந்தாவது சுற்று வரை காத்திருந்தார். அதற்கும் பௌல் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே ஒப்பந்தத்தில், பௌல் முடியும் வரை பயிற்சியாளரும் வேறு வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் நான் கைதட்டுவேன். அந்த வரியில் எந்தப் பயிற்சியாளர் முதலில் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்ப்போம்.