சொட்டை விழுந்த புல்தரை: புதிதாகக் கை வைப்பவர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே, சித்திரை பிறந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறீர்கள். வீட்டு முன்னால் போட்ட புல்தரை அங்கங்கே சொட்டை விழுந்து கிடக்கிறது, என்ன உரம் போடலாம் என்று. பாதிப் பேர் கேட்பதற்கு முன்பே நர்சரியில் புல் பாய் வாங்கி அந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருப்பீர்கள். காரணம் மண்ணுக்குள் இருக்கும்போது மேலே போட்ட ஒட்டு நிற்காது. அந்தக் காரணத்தைத் தேடிப் பிடிக்கச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. கையில் உரப் பை இல்லாமல் ஒரு காலையை முழுதாகப் புல்தரையில் செலவிடுங்கள். சொட்டையின் ஓரத்தில் உள்ள புல்லைப் பிடித்து மெல்ல இழுங்கள். பாயைச் சுருட்டுவது போல வேரில்லாமல் மேலே வந்தால் கீழே வேர்ப்புழு இருக்கிறது. வரவில்லை என்றால் நீளமான கம்பி ஒன்றை, ஸ்க்ரூ டிரைவர் ஆனாலும் சரி, மண்ணில் அழுத்துங்கள். முதல் நாள் தண்ணீர் விட்ட மண்ணில்கூட அது விரல் நீளம் இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது. வட்டமாக மஞ்சளடித்து, சுற்றிலும் மட்டும் கரும்பச்சையாகப் புல் நின்றால் அது நாய் சிறுநீர் விட்ட இடம். பார்த்தவுடன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டால் போதும். சுவர் ஓரமாக நீளமாய்க் காய்ந்திருந்தால் அங்கே கொத்திப் பாருங்கள். வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் சாந்து, செங்கல் உடைசல், சுண்ணாம்பு எல்லாம் ஒரு சாண் மண்ணுக்கு அடியில் படுத்திருக்கும். அதை அள்ளி வெளியே போடாமல் எது நட்டாலும் வீண்.

2. வெயிலை எண்ணுங்கள். அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும், கரும்பு, மக்காச்சோளம் போல, கொளுத்தும் வெயிலில் செழிக்கும் வகை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடத்தில் அருகு மெலிந்து, நீண்டு, பிறகு மறைந்துபோகும். மாமரத்துக்கு அடியில் அருகு வளர்க்க வருடக் கணக்கில் போராடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அரை நிழலுக்குப் பஃபலோ புல் என்று நர்சரியில் விற்கும் அகல இலைப் புல் தாங்கும். அதுவும் முழு நிழலில் நிற்காது. அங்கே சருகைப் பரப்பி விடுங்கள், அல்லது நிழலில் வளரும் செடி வையுங்கள். கொரியன் புல் என்று விற்பது பார்க்க மெத்தை மாதிரி அழகுதான். ஆனால் அது மிக மெதுவாகப் படரும், ஓட்டை விழுந்தால் மூட மாதக் கணக்காகும். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு நான் அருகைத்தான் சொல்வேன். குளிர் நாட்டிலிருந்து வரும் ரை, ஃபெஸ்க்யூ விதைப் பொட்டலங்களைக் கையால் தொடாதீர்கள். மார்கழியில் முளைத்து ஆசை காட்டும். நம் கத்திரி வெயிலைத் தாங்காது.

3. காய்ந்தது எல்லாம் செத்தது இல்லை. தண்ணீர் குறைந்தால் அருகு இலையை விட்டுவிட்டு மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டிலும் கணுக்களிலும் உயிரை வைத்துக்கொள்ளும். ஒரு கொத்தைத் தோண்டி எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். கணு வெள்ளையாய், கெட்டியாய் இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீர் கிடைத்ததும் துளிர்க்கும். பழுப்பாகி நொறுங்கினால்தான் மாற்றி நட வேண்டும். இதைப் பார்க்காமலே உயிருள்ள புல்லைக் கொத்தி எறிபவர்கள் அதிகம்.

4. தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சொட்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. தினமும் மாலையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தெளிக்கிறீர்கள். மேல் மண் அரை அங்குலம் நனைகிறது. வேரும் அந்த அரை அங்குலத்திலேயே தங்கிவிடுகிறது. பிறகு இரண்டு நாள் ஊருக்குப் போனால் எல்லாம் கருகிவிடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் விரல் ஆழத்துக்கு மேல் ஈரம் இறங்கும்படி விடுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். அளவு தெரிய வேண்டுமா? புல் நடுவில் இரண்டு மூன்று தகர டப்பாக்களை வைத்துத் தெளிப்பானைத் திறந்துவிடுங்கள். வாரம் முழுவதும் விட்டதைச் சேர்த்தால் டப்பாவில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், நிற்க வேண்டும். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 230 லிட்டர். ஒரு டப்பா நிறைந்து இன்னொன்று பாதியாக நின்றால், சொட்டைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். விடியற்காலையில் விடுங்கள். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சை வரும்.

உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால், கடலோரத்தில் பல இடங்களில் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது உப்பை மேலேயே சேர்த்து வைக்கும். அங்கேயும் ஆழமாக விடுவதுதான் வழி. முதல் நல்ல மழை உப்பைக் கழுவி இறக்கும்போது, அந்தத் தண்ணீர் தேங்காமல் வடியச் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இறுகிய மண்ணைத் திறந்துவிடுங்கள். மண் லேசாக ஈரமாக இருக்கும் நாளில், முள் மண்வெட்டியோ, அது இல்லாவிட்டால் கூர்மையான கம்பியோ வைத்து, நாலு விரல் இடைவெளியில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்துக்குக் குத்திக்கொண்டே போங்கள். சலித்த மணலும் மண்புழு உரமும் கலந்து மேலே தூவி, துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். நடைபாதை போல எல்லோரும் குறுக்கே நடக்கும் இடத்துக்கு வருடத்துக்கு இரண்டு முறை இது வேண்டும். அங்கே நாலு கல் பலகை பதித்துவிட்டால் இந்த வேலையே இல்லை. நான் அதைத்தான் செய்வேன். களிமண் சொதசொதவென்று இருக்கும்போது உருளை இழுக்காதீர்கள். இழுத்தால் மறுபடி இறுகும்.

6. வெட்டும்போது ஒரே விதி: இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். அருகை ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை வைத்திருங்கள்; கோடையில் உயரமாகவே விடுங்கள், அந்த நிழல்தான் வேருக்குக் குடை. மழைக்காலத்தில் ஒரு மாதம் விட்டுவிட்டு, புல் முழங்காலுக்கு வந்தபின் மொட்டையடித்தால் கீழே மஞ்சள் தண்டுதான் தெரியும், அது வெயிலில் வெந்துபோகும். பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு இலையைக் கிழிக்கும், நுனி எல்லாம் வெளுத்துப்போகும். வெட்டிய துண்டுகள் சிறியவையாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அதுவும் உரம்தான்.

7. உரத்துக்கு அவசரம் வேண்டாம். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா, அதற்கு மேல் வேண்டாம். இலையில் ஈரம் இல்லாதபோது சீராகத் தூவி உடனே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விட மறந்தால் யூரியாவே சொட்டை போடும். தண்ணீர் இல்லாமல் புல் உறங்கும் கோடையில் உரமே கூடாது. தொழு உரம் மக்கி, மண் வாசனை வர வேண்டும். மக்காத எருவில் களை விதையும் புழுவும் சேர்ந்தே வரும்.

உரம் போட்டும் புல் வெளிர் மஞ்சளாகவே இருந்தால், சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து புல்லுக்கு எட்டாமல் போயிருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள். தரை ஓட்டில் பட்டால் துருக் கறை போகாது, கவனம்.

8. கோரையை வெறும் கையால் பிடுங்காதீர்கள். மேலே வருவது இலை மட்டும். கீழே கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்த கிழங்கு விழித்துக்கொள்ளும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தியை ஆழமாக விட்டுக் கிழங்கோடு நெம்புங்கள், எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் கோரையோடு அருகும் போய்விடும். பொறுமையாக வாராவாரம் எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு தீரும். வேறு குறுக்குவழி சொல்பவர்களை நம்பாதீர்கள். கோரை பெரும்பாலும் வெளியிலிருந்து அடிக்கும் செம்மண்ணோடுதான் வீட்டுக்குள் வருகிறது. லாரி மண்ணை இறக்குவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துச் சலித்துப் பாருங்கள்.

9. வேர்ப்புழு: கோடை மழை முதலில் பெய்த அன்று மாலை இதன் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்ப மரத்தில் போய் இலை தின்னும். அன்றே கிளையை உலுக்கிக் கீழே விழுவதைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டால், பின்னால் வரும் புழுக்கள் அவ்வளவும் குறையும். புழு வந்தபின் என்றால், மெட்டாரைசியம் என்னும் பூஞ்சைத் தூளை மக்கிய எருவில் கலந்து ஈர மண்ணில் தூவுங்கள். மைனா கூட்டமாய்க் கொத்தினால் விரட்டாதீர்கள். அது உங்களுக்காக வேலை செய்கிறது.

10. இதெல்லாம் முடிந்த பிறகுதான் நடவு. ஆடி, ஆவணியில் செய்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் நட்டால் தேங்கிய தண்ணீரில் அழுகும். காசு கொடுத்துப் பாய் வாங்க வேண்டாம். உங்கள் தரையிலேயே செழிப்பான ஓரத்திலிருந்து கணுவுள்ள தண்டுகளை எடுத்து, கொத்தி எரு கலந்த சொட்டையில் மூன்று நாலு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். ஒரு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. பெரிய சொட்டை என்றால் தண்டுகளை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, பச்சைச் சாணி, மண், தண்ணீர் சேர்த்த கூழில் கலந்து மெல்லப் பூசி, மேலே மண்ணை மெல்லியதாகத் தூவலாம்; இங்கே பச்சைச் சாணி பசைக்காக மட்டும். வேர் பிடிக்கும் வரை தினமும் பூவாளியில் லேசாக இருமுறை. ஆழமாக விடச் சொன்னேனே என்று குழம்பாதீர்கள், அது வேரூன்றிய புல்லுக்கு. ஆறு வாரம் யாரும் அதில் கால் வைக்காதபடி கயிறு கட்டுங்கள்.

11. தண்ணீர் எவ்வளவோ, புல்தரை அவ்வளவு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. பக்கத்துத் தெருவில் குடத்தோடு மக்கள் வரிசையில் நிற்கும்போது புல்லுக்குத் தண்ணீர் விட எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக்கூடாது. 1000 சதுர அடி புல்லுக்கு வாரம் 2300 லிட்டர் வேண்டும். உங்கள் கிணறு மே மாதத்தில் அதைத் தருமா என்று முதலில் பாருங்கள். தராது என்றால் 300 சதுர அடியாகக் குறைத்து, மிச்ச இடத்தில் நந்தியாவட்டை, செம்பருத்தி, சரளைக் கல் என்று மாற்றிவிடுங்கள். குளித்த தண்ணீரைச் செடிகளுக்கும் புல்லுக்கும் விடலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உள்ள உப்பு மண்ணை இறுக்கிவிடும்.