இணையவழிக் கல்லூரிப் பாடம்: பணத்தைக் கடைசியில் கட்டும் வழி

தன் வேகத்தில் படிக்கும் இணையவழிக் கல்லூரிப் பாடங்களில், பாடத்துக்காகச் செலவாகும் பணம் மிகக் குறைவு. தேர்வுக்கும் சான்றிதழுக்கும் கிரெடிட்டுக்கும்தான் பணம் போகிறது. இந்தியாவில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது என்பிடெல். மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கியது ஸ்வயம்; என்பிடெல் பாடங்களும் அதில் வருகின்றன. இரண்டிலும் காணொளியைப் பார்ப்பதற்கும் குறிப்புகளைப் படிப்பதற்கும் அசைன்மென்ட் எழுதுவதற்கும் கட்டணம் இல்லை. மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதுபவர் மட்டும் கட்டணம் கட்டுகிறார். ஆகவே சிக்கனத்தின் வரிசை இதுதான்: எந்தக் காகிதம் தேவை என்று முதலில் முடிவு செய்வது, இலவசமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் படித்துவிடுவது, பணத்தைக் கடைசியில் கட்டுவது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

முதலில் தேவையைத் தீர்மானித்தல்

ஒரு பாடத்தைத் தேடுபவருக்கு மூன்றில் ஒரு நோக்கம் இருக்கும். விஷயத்தைத் தெரிந்துகொள்வது ஒன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டச் சான்றிதழ் வாங்குவது இன்னொன்று. படித்துக்கொண்டிருக்கும் பட்டத்தில் கிரெடிட்டாகச் சேர்ப்பது மூன்றாவது.

முதல் நோக்கத்துக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. முந்தைய பருவங்களின் என்பிடெல் பாடங்கள் அதன் இணையதளத்திலும் யூடியூபிலும் திறந்தே கிடக்கின்றன. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியலில் சேர்ந்தவர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல், அதே பாடத்துக்குத் தனிப்பயிற்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடப்பொருளை ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற தளத்தில் பதிவுகூடக் கேட்காமல் தருகிறது.

மற்ற இரண்டு நோக்கங்களுக்கும் பணம் தேவைப்படலாம். அங்கேதான் கவனம் வேண்டும்.

கிரெடிட் தேவையென்றால் அனுமதி முதலில்

ஸ்வயம் பாடங்களைப் பட்டப்படிப்பில் சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. அப்போது வரம்பு ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 விழுக்காடு. 2021இல் வந்த புதிய விதி அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. இது மேல் வரம்பு மட்டுமே. எந்தப் பாடத்துக்குப் பதிலாக எந்த ஸ்வயம் பாடத்தை ஏற்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரியும் முடிவு செய்கின்றன. விருப்பப் பாடத்துக்கு மட்டும் ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, ஒரு பட்டத்துக்கு இத்தனை பாடம்தான் என்று எண்ணிக்கை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு.

எனவே பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடமும் கல்லூரியின் என்பிடெல் லோக்கல் சாப்டர் ஒருங்கிணைப்பாளரிடமும் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: இந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட், மதிப்பெண் எப்படி மாற்றப்படும். வழக்கமாக என்பிடெல்லின் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. கல்லூரியின் பாடம் 3 கிரெடிட்டாக இருக்கும்போது 8 வாரப் பாடத்தை எழுதி முடித்துவிட்டு வந்தால், கட்டணமும் உழைப்பும் போய்ப் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

ஒன்றை இங்கே நேராகச் சொல்ல வேண்டும். இரண்டு பாடங்களை ஸ்வயத்தில் முடித்தார் என்பதற்காகக் கல்லூரி அந்த செமஸ்டரின் கட்டணத்தைக் குறைப்பது அரிது. மிச்சம் வேறு வழிகளில் வருகிறது. மூன்றாம் ஆண்டிலேயே விருப்பப் பாடங்களை இப்படி முடித்தவருக்குக் கடைசி செமஸ்டரில் நேரம் கிடைக்கும். சம்பளத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப்புக்குப் போகலாம். ஹானர்ஸ் அல்லது மைனர் பட்டத்துக்குக் கூடுதலாக 18 கிரெடிட் கேட்கும் கல்லூரி அதற்கு இணையவழிப் பாடங்களை ஏற்றால், ஆறு 12 வாரப் பாடங்களின் தேர்வுக் கட்டணத்தில் அது முடிந்துவிடும்.

கிரெடிட்டுகள் சேர்வது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில். டிஜிலாக்கர் வழியாக இதைத் திறக்கலாம், கட்டணம் இல்லை. பெயரில்தான் தமிழ்நாட்டு மாணவர்களுக்குச் சிக்கல் வரும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், கல்லூரிப் பதிவேட்டில் தகப்பனார் பெயர் முழுதாக என்று மூன்று வடிவம் இருந்தால் கிரெடிட் கணக்கில் ஏறாமல் நிற்கலாம். பாடம் தொடங்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிக்கொண்டால் பின்னால் திருத்தத்துக்கு அலைய வேண்டியதில்லை.

பதிவு இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம்

என்பிடெல் பாடங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் பருவங்களில் திறக்கின்றன. பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் தனித்தனி. முதலாவது இலவசம். இரண்டாவதற்கு வேறு விண்ணப்பம், வேறு கடைசித் தேதி. தேர்வுக் கட்டணம் பல பருவங்களாகப் பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் இருந்து வந்தது. அந்தப் பருவத்துக்கான தொகையைத் தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. சலுகைக்கான சான்றிதழை விண்ணப்பத்தோடு சேர்த்தே பதிவேற்ற வேண்டும் என்பதால் அதைத் தயாராக வைத்திருப்பது நல்லது. தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. கேட்டால்தான் தெரியவரும்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே பேராசிரியரின் பழைய பருவக் காணொளியில் முதல் இரண்டு வாரத்தைப் பார்த்துவிடலாம். பேச்சு புரிகிறதா, கணக்கு கைக்கு எட்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். விடுமுறையில் பழைய காணொளிகளைப் பாதி வரை முடித்துவிட்டுப் பருவத்துக்குள் நுழைபவருக்கு, செமஸ்டர் தேர்வுகளின் நெருக்கடியிலும் பாடம் கைவிட்டுப் போகாது. தன் வேகத்தில் படிப்பதன் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. ஏனென்றால் பருவம் தொடங்கிவிட்டால் வாராவாரம் அசைன்மென்ட்டுக்குக் கடைசி நாள் உண்டு.

மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது. மொத்தம் 100இல் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வாங்க அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6உம், 4 வாரப் பாடத்தில் சிறந்த 3உம் கணக்கில் எடுக்கப்படும். அசைன்மென்ட்டுகளைத் தவறவிட்டவர் தேர்வில் 70 வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது. பலருடைய கட்டணம் இந்த இடத்தில்தான் தொலைகிறது. எனவே பதிவு திறந்த முதல் நாளே பணம் கட்டாமல், கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்குள் வந்திருக்கும் அசைன்மென்ட் மதிப்பெண்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முதல் சில வாரங்களில் பாதி மதிப்பெண்ணும் வராதவர் அந்தப் பருவத்தை இலவசப் படிப்பாகவே முடித்துவிட்டு, அந்தப் பாடம் மறுபடி வரும் பருவத்தில் தேர்வு எழுதலாம். இழப்பு எதுவும் இல்லை.

பயணச் செலவும் கணக்கில் வர வேண்டும். தேர்வு நடப்பது மையத்தில், கணினியில். கிராமத்திலிருந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் சில நேரம் ஓர் இரவுத் தங்கலும் சேர்ந்து தேர்வுக் கட்டணத்தையே தொட்டுவிடும். ஒவ்வொரு பாடத்தின் தேர்வு நாளும் பாடப் பட்டியலிலேயே இருக்கும். இரண்டு பாடம் எழுதுபவர் ஒரே நாளில் காலையும் மாலையுமாக அமையும் பாடங்களைத் தேர்ந்தால் ஒரே பயணத்தில் முடியும்.

காணொளிக்கான டேட்டா செலவைக் குறைக்கக் கல்லூரி வைஃபையிலோ நூலகத்திலோ குறைந்த தரத்தில் பதிவிறக்கிக்கொண்டால் போதும். கரும்பலகைப் பாடத்துக்கு உயர்தரக் காணொளி தேவையில்லை.

தனியார் தளங்கள்

கோர்சிரா, எட்எக்ஸ் இரண்டும் 2012இல் தொடங்கியவை. இவற்றின் சான்றிதழ் மானியக் குழுவின் ஸ்வயம் விதிக்குள் தானாகச் சேராது. கல்லூரி தனியாக ஏற்றால்தான் கிரெடிட். வேலைக்கான சான்றிதழ் என்ற அளவில் பயன் உண்டு.

முதல் வேலை, கல்லூரி ஏற்கெனவே சந்தா வைத்திருக்கிறதா என்று விசாரிப்பது. கல்லூரி மின்னஞ்சலில் நுழைந்தால் இலவசமாகக் கிடைக்கும் பாடத்துக்குச் சொந்தப் பணம் கட்டியவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் படிப்பவர்கள், 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் அதே திறனுக்கான பயிற்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை.

அடுத்தது உதவித்தொகை விண்ணப்பம். கோர்சிராவில் வருமானத்தையும் படிப்பதன் காரணத்தையும் எழுதி விண்ணப்பித்தால் கட்டணச் சலுகை கிடைக்கும். பரிசீலனைக்கு இரண்டு வாரம்வரை, சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். தொடராக உள்ள பாடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எட்எக்ஸிலும் இத்தகைய உதவி உண்டு. காத்திருக்கும் நாளில் இலவசமாகப் பார்க்க அனுமதிக்கும் பகுதிகளைப் படித்துக் குறிப்பெடுத்துவிடலாம்.

உதவி கிடைக்காமல் மாதச் சந்தாவில் சேர்ந்தால், அங்கே வேகம்தான் பணம். ஒரு தொடரை மூன்று மாதத்தில் முடிப்பவருக்கும் ஆறு மாதத்தில் முடிப்பவருக்கும் கிடைப்பது ஒரே சான்றிதழ். பின்னவர் இரு மடங்கு கட்டியிருப்பார். எனவே செமஸ்டர் தேர்வு, ஊர்த் திருவிழா, வீட்டுக் கல்யாணம் எதுவும் குறுக்கே வராத மாதத்தில் சந்தாவைத் தொடங்குவது புத்திசாலித்தனம். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்குப் பணம் பிடிக்கும் முன் வங்கி 24 மணி நேரம் முன்பாக அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைத் தள்ளிவிடாமல் படித்தாலே, முடிந்துபோன பாடத்துக்கு மாதாமாதம் கட்டுவதைத் தவிர்க்கலாம்.

முழுப் பட்டமும் கடனும்

ஒற்றைப் பாடமாக இல்லாமல் முழு இணையவழிப் பட்டமே வேண்டுவோர், மொத்தக் கட்டணத்தை முன்னதாகக் கேட்காத படிப்பைத் தேட வேண்டும். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய பி.எஸ். தரவு அறிவியல் படிப்பில், ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் அந்தப் பருவத்தில் கட்டினால் போதும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. இடையில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். இங்கும் தோற்ற பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும் என்பதால் ஒரே பருவத்தில் நான்கைந்து பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி இடைத்தரகு நிறுவனம் விற்கும் பட்டங்களில் எச்சரிக்கை வேண்டும். கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து இணையவழிப் பட்டம் நடத்தக் கூடாது என்று மானியக் குழு 2022இல் அறிவித்தது. அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் அதைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். தொலைபேசியில் பேசும் விற்பனையாளர் வட்டியில்லாத் தவணை என்று சொல்வது பெரும்பாலும் மாணவர் அல்லது பெற்றோர் பெயரில் நிதி நிறுவனத்திலிருந்து எடுக்கப்படும் கடன். பாடத்தைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. கடன் வாங்கினால்தான் சேர முடியும் என்ற இணையவழிச் சான்றிதழ்ப் பாடத்தைத் தவிர்ப்பதே நல்லது. அதே விஷயத்தைக் கற்பிக்கும் பாடம் பெரும்பாலும் ஸ்வயத்தில் இருக்கும். ஜனவரியில் தவறினால் ஜூலையில் அடுத்த பருவம் தொடங்கும்.