பெரிய உடலுக்கு ஏற்ற நாற்காலி

முதுகுவலிக்காகவும் முழங்கால் வலிக்காகவும் எம்மிடம் வருவோரிடம் நாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நாள்தோறும் எந்த நாற்காலியில், எத்தனை மணி நேரம் அமர்கிறீர்கள்? உடல் எடை மிகுந்தவர்கள் இதற்கு விடை கூறப் பெரும்பாலும் தயங்குகின்றனர். பிறர் முன்னிலையில் கைப்பிடிகளுக்கு இடையே சிக்கிக்கொண்டதோ, பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் விரிந்து கீழே விழுந்ததோ அந்தத் தயக்கத்திற்குப் பின்னே இருக்கும். ஒருமுறை விழுந்தவர் அதன்பின் எந்த நாற்காலியையும் முழுமையாக நம்புவதில்லை. விளிம்பில் பாதி உடலை வைத்து, மீதி எடையைத் தம் கால்களிலேயே தாங்கியபடி பணி நேரம் முழுவதையும் கழிக்கின்றார். வலி பல வேளைகளில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் அறிவுரையை இவர்கள் போதிய அளவு கேட்டிருப்பர். எடைக் குறைப்பு தேவையே. அதை நாமும் கூறுகிறோம். ஆயினும் பாதுகாப்பாக எடை குறையப் பல மாதங்கள் ஆகும். நாளைக் காலை அவர் அமரப்போகும் நாற்காலி இன்றைய உடலுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண அலுவலக நாற்காலிகள் ஒரு குறிப்பிட்ட எடை வரையில்தான் சோதிக்கப்படுகின்றன. ஐரோப்பியத் தரநிலை 110 கிலோ எடையுள்ளவரைக் கருத்தில் கொண்டது. அமெரிக்காவின் பிஃப்மா அமைப்பு வகுத்த பொதுத் தரநிலை ஏறத்தாழ 125 கிலோ வரை செல்கிறது. அதற்கு மேற்பட்ட எடையினருக்கென அதே அமைப்பு 2015ஆம் ஆண்டுத் தரநிலையில் 181 கிலோ வரையிலான நாற்காலிகளுக்குத் தனிச் சோதனைகளை வகுத்தது. வாங்கும்போது விற்பனையாளரின் வாய்மொழியை நம்ப வேண்டா. இருக்கையின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளிலோ கையேட்டிலோ தாங்கும் எடை எவ்வளவு என்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். அந்த எண் உங்கள் எடையைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கட்டும். சட்டென்று அமரும்போது நாற்காலியின்மீது விழும் விசை உடல் எடையைவிட அதிகம்.

எனினும் வலிமை மட்டும் போதாது. பெரிய உடல் அமரும் விதமே வேறு. இதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பிட்டத்தின் பின்புறத் தசையும் கொழுப்பும் முதுகுச்சாய்வில் முதலில் முட்டுவதால் இடுப்பு முன்னே தள்ளப்படுகிறது. கீழ்முதுகுக்கும் சாய்வுக்கும் இடையே வெற்றிடம் விழுகிறது. முதுகைத் தாங்குவதற்கென அமைத்த புடைப்பு, தாங்க வேண்டிய இடத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே சாய்வின் அடியில் இடைவெளி உள்ள நாற்காலியும், புடைப்பை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய அமைப்பும் இவர்களுக்கு உகந்தவை. அடுத்து வயிறு. செங்கோணத்தில் நிமிர்ந்து அமரும்போது வயிறு தொடைகளின்மீது அழுந்தி உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, மூச்சு குறுகுகிறது. சாய்வை 100 முதல் 110 பாகை வரை பின்னே தளர்த்தினால் மூச்சும் எளிதாகும், முதுகெலும்பு வட்டுகளின்மீதுள்ள அழுத்தமும் குறையும். நிமிர்ந்து உட்கார் என்று பள்ளியில் கற்றதை இங்கே சற்று மறந்துவிடலாம்.

தொடைகள் இயல்பாகவே அகன்று அமைய வேண்டியவர்களைக் குறுகிய கைப்பிடிகள் இருபுறமும் நெருக்குகின்றன. தொடையின் வெளிப்புறத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் ஏற்படுவதாகச் சிலர் கூறுவர். இடுப்பின் முன்புறத்தில் ஓர் உணர்வு நரம்பு அழுந்துவதால் வருவது இது. வயிற்றின் எடையும் இறுக்கமான இடுப்பு வாரும் பொதுவான காரணங்கள். முதுகெலும்பில் கோளாறு என்று அஞ்சி வருவோர் பலர். வாரைத் தளர்த்தி, அமரும் முறையையும் மாற்றியபின் குறைந்துவிடுவதும் உண்டு.

நாற்காலி வாங்கச் செல்லுமுன் வீட்டிலேயே அளவெடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தினர் ஒருவர் உதவினால் போதும். சுவரையொட்டிய மரப்பலகையில் முதுகு சுவரில் படுமாறு அமருங்கள். சுவரிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதில் ஏறத்தாழ 5 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். அமர்ந்தபின் இருக்கையின் விளிம்புக்கும் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும்; இல்லையேல் விளிம்பு அழுத்திக் காலின் இரத்தம் மேலே திரும்புவது தடைப்படும், மாலையில் கணுக்கால் வீங்கும். அகலத்திற்கு, தொடைகளின் இருபுறமும் தடித்த புத்தகங்களை நிறுத்தி அவற்றின் இடைத்தொலைவை அளக்கலாம். கைப்பிடிகளுக்கு இடையே அதைவிட 5 செ.மீ. கூடுதலாக வேண்டும். காலணியுடன் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்க்கும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்க்கும் இருக்கை அதைவிடச் சற்று உயரமாக இருப்பின் எழுவது எளிது. அப்போது பாதங்கள் தொங்காதவாறு அடியில் ஒரு பலகை வைக்கலாம்.

கைப்பிடியே இல்லாத நாற்காலி வசதி என்று சிலர் எண்ணுகின்றனர். நாம் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. எழும்போது கைகளால் ஊன்றினால் முழங்கால்களின் சுமை குறையும். அகன்ற, அசையாத கைப்பிடிகளே நல்லவை. ஐந்து கால் அடித்தளம் நைலானைவிட உலோகத்தால் ஆனதாக இருப்பது நலம். மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை கையில் தட்டினால் அது சில மாதங்களில் தட்டையாகிவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையில் சக்கர நாற்காலிகள் எழும்போது பின்னே நழுவிச் செல்லும். சக்கரங்களுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இத்தகைய நாற்காலியின் விலை எல்லோர்க்கும் எட்டுவதன்று. அவர்கள் கைப்பிடி உள்ள, அகன்ற, கனமான மர நாற்காலி ஒன்றைத் தச்சரிடம் மேற்கண்ட அளவுகளைக் கொடுத்துச் செய்துகொள்ளலாம். உறுதியான மெத்தை ஒன்றை அதன்மீது இடலாம். மெத்தையின் தடிமனையும் உயரக் கணக்கில் சேர்க்க மறவாதீர். வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டா. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கி அமர்வதும் தீர்வாகாது.

பணியிடத்தில் கேட்பதற்குக் கூச்சப்படுவோர் உளர். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் தொடர்பான சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்குத் தகுந்த இருக்கை வசதி செய்து தருதல் கட்டாயமாக்கப்பட்டது. நின்றுகொண்டே பணிபுரிவோரை எண்ணி வந்த திருத்தம் அது. ஆயினும் உடலுக்குப் பொருந்தாத இருக்கையைத் தகுந்தது என்று எவ்வாறு சொல்வது? தேவையெனில் வெளிநோயாளர் பிரிவில் கேட்டு, இருக்கை அளவுகளைக் குறித்த மருத்துவரின் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

எவ்வளவு நல்ல நாற்காலியாயினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடப்பது அவசியம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் கெண்டைக்கால் வலியும் தோன்றினாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ நாற்காலியை மாற்றிப் பார்க்கலாம் எனக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ஏனையோர் அடுத்த வருகையின்போது, எடுத்த அளவுகளை எழுதிய தாளையும் நீங்கள் பணியிடத்தில் அமர்ந்திருக்கும் நிலையைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த கைப்பேசிப் படத்தையும் கொண்டு வந்தால் போதும். இயன்முறை மருத்துவர் அவற்றைப் பார்த்து எதை மாற்றலாம் என்று கூறுவார்.